லேப்டாப் கீல் உடைந்தால் குற்றவாளி யார்?

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ராம் எவ்வளவு, பிராசசர் என்ன, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், பை இலவசமா. கீல் எத்தனை தடவை திறந்து மூடினால் தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரரிடம் பதில் இருக்காது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விவரப் பட்டியலில் அப்படி ஒரு வரியே கிடையாது.

இரண்டு மூன்று வருடம் கழித்து அதே லேப்டாப் ரிப்பேர் கடைக்கு வரும். "திறக்கும்போது டப்புன்னு ஒரு சத்தம்ணா, ஓரம் பிளந்துக்கிச்சு" என்பார் வாங்கியவர். உள்ளே ராமும் பிராசசரும் கல்லு மாதிரி இருக்கும். திரை மட்டும் நிற்காது. வாரண்டி இருக்கிறதே என்று கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் இரண்டே வார்த்தையில் தீர்ப்பு: "பிசிக்கல் டேமேஜ்". அதாவது தப்பு உங்களுடையது, செலவும் உங்களுடையது.

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அநியாயமானது. எப்படி என்று புரிய, முதலில் கீல் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கதவுக் கீல் வேறு, இது வேறு

வீட்டுக் கதவின் கீலுக்கு ஒரே வேலைதான், சுழல்வது. காற்றடித்தால் கதவு ஆடும், யாரும் குறை சொல்வதில்லை. லேப்டாப் கீல் சுழலவும் வேண்டும், விட்ட கோணத்தில் அசையாமல் நிற்கவும் வேண்டும். இதற்கு உராய்வுதான் வழி. விரல் நீளம்கூட இல்லாத ஓர் எஃகுத் தண்டு, அதில் வரிசையாகக் கோர்த்த வாஷர்கள், அவற்றை அழுத்திப் பிடிக்கக் கிண்ணம் போல் வளைந்த ஸ்பிரிங் வாஷர்கள், கடைசியில் ஒரு நட். தேய்மானம் குறைய நடுவில் கொஞ்சம் கிரீஸ். நட்டை இறுக்கினால் பிடிப்பு கூடும், தளர்த்தினால் குறையும். ஓசூர்க்காரர்களுக்குச் சொல்வதானால், மோட்டார் சைக்கிள் கிளட்சில் ஸ்பிரிங் அழுத்தத்தில் தட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றனவே, அதன் குட்டித் தம்பி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. திரைப் பகுதியின் எடை 600 கிராம், அதன் எடை மையம் கீலிலிருந்து 11 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையை நேராக நிறுத்தி, அங்கிருந்து 30 டிகிரி பின்னால் சாய்த்தால் அது விழாமல் இருக்க 3.3 கிலோ-செ.மீ. முறுக்கு விசை வேண்டும். பஸ்ஸிலும் மடியிலும் ஆடாமல் இருக்க வேண்டுமே, அதனால் இரண்டு கீலுக்கும் சேர்த்து 8 கிலோ-செ.மீ. வைப்பார்கள் என்று கொள்ளலாம். திரையின் மேல் விளிம்பு 22 செ.மீ. தூரத்தில் இருப்பதால் திறக்கிற விரலுக்கு அது 400 கிராம்கூடத் தெரியாது. பூ மாதிரி திறக்கும்.

அதே விசை கீழே என்ன செய்கிறது? ஒரு கீலின் பங்கு 4 கிலோ-செ.மீ. அதைத் தாங்கும் திருகுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒன்றரை செ.மீ. என்றால், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சுமார் 2.7 கிலோ விசை அந்தத் திருகைப் பிடுங்கப் பார்க்கிறது. கிரீஸ் காய்ந்து, தூசி சேர்ந்து, கீல் இரண்டு மடங்கு இறுகிப் போனால் அது 5 கிலோவைத் தாண்டும். விரலுக்கு அப்போதும் முக்கால் கிலோ அளவுதான் தெரியும். கொஞ்சம் டைட்டாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திறந்துவிடுவார்கள்.

அந்தத் திருகு எதில் மாட்டியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் பிளாஸ்டிக் உடம்பில் சூடு வைத்துப் பதித்த மிளகளவு பித்தளை மரையில். எஃகுக் கீல் ஜம்மென்று இருக்கும். அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் முளை பெயர்ந்து வரும். "கீல் உடைந்துவிட்டது" என்று சொல்கிறோமே, பெரும்பாலும் உடைவது கீல் இல்லை. அதற்குப் போட்ட அஸ்திவாரம்.

சொல்லப்படும் மூன்று சாக்குகள்

முதல் சாக்கு: "கஸ்டமர் முரட்டுத்தனமாகத் திறக்கிறார்."

ஒரு மாணவர் தினம் பத்துத் தடவை லேப்டாப்பைத் திறந்து மூடினால் வருடத்துக்கு 3,650 தடவை. மூன்று வருடப் படிப்பு முடிவதற்குள் 11,000 தடவை. இது முரட்டுத்தனம் இல்லை, படிப்பு. கம்பெனிகளும் கீலை ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடித்தான் சோதிக்கின்றன. ஆனால் புதுக் கிரீஸ் போட்ட புதுக் கீலை ஒரு இயந்திரம் ஒரே சீராகத் திறப்பதும், இடது கையில் டிபன் பாக்ஸோடு வலது கையால் ஒரு மூலையைப் பிடித்து ஒரு பெண் திறப்பதும் ஒன்றா? மூலையில் பிடித்தால் திரை முறுகும், ஒரு பக்கக் கீல் பாதிக்கு மேல் சுமக்கும். மனிதர்கள் இப்படித்தான் திறப்பார்கள் என்பது வடிவமைப்பவருக்குத் தெரியாத ரகசியம் இல்லை. தெரிந்தே அதற்கு இடம் வைக்காமல் விட்டால் அது வடிவமைப்பின் குறை. அதற்கு வாங்கியவர் மேல் பழி போடுவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது சாக்கு: "மெல்லிசாக வேண்டும் என்று கேட்பது நீங்கள்தானே."

மெல்லிசாக்கினால் திருகுக்கு இடம் குறையும் என்பது உண்மை. ஆனால் மெல்லிசும் உறுதியும் சேராது என்பது பொய். மூடித் திறக்கும் இந்த வடிவமே 1982-ல் வந்த கிரிட் காம்பஸ் கணினியோடு பிரபலமானது. அதன் உடம்பு மெக்னீசியக் கலவை. அது குண்டாக இருந்தது என்பீர்கள், சரி. அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் கம்பெனி 2021-ல் விற்க ஆரம்பித்த லேப்டாப் 16 மில்லிமீட்டருக்கும் குறைவான கனம்தான். அதன் கீலைத் தனியாக விலைக்கு வாங்கலாம். 3.3 கிலோ, 4 கிலோ என்று இரண்டு பிடிப்பில் கிடைக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் தானே மாட்டிக்கொள்ளலாம். மெல்லிசாகவும் இருக்கிறது, கீல் உதிரிப் பாகமாகவும் கிடைக்கிறது. இரண்டாவது சாக்கு இங்கேயே தீர்ந்தது.

மூன்றாவது சாக்கு: "செலவு." உண்மையான காரணம் இதுதான்.

திருகுகளுக்கு அடியில் ஒரு நீளமான உலோகத் தகடு வைத்து விசையைப் பரப்பினால் பிளாஸ்டிக் பிழைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு லேப்டாப்புக்கு 50 ரூபாய் கூடுதலாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சம் லேப்டாப்புக்கு 5 கோடி. வைக்காமல் விட்டால், நூற்றுக்கு ஐந்து உடைகிறது என்று கொள்வோம், 50,000 லேப்டாப். ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் ரிப்பேர் செலவு என்றால் 10 கோடி. மொத்தக் கணக்கில் பார்த்தால் தகடு வைப்பதுதான் லாபம். ஆனால் அந்த 5 கோடி கம்பெனியின் லெட்ஜரில் ஏறும். இந்த 10 கோடி ஏறுவது 50,000 குடும்பங்களின் மளிகைக் கடை நோட்டில். வாரண்டி ஒரு வருடம், உடைவது இரண்டாம் மூன்றாம் வருடம். பி.காம். முதல் வருடத்தில் சொல்லித்தரும் கணக்குதான்: தன் புத்தகத்தில் வராத செலவை எவரும் குறைக்க மாட்டார்கள்.

லட்சக்கணக்கில் வாங்குகிறவரின் கடமை

ஒற்றை ஆளாகக் கடையில் நிற்கும் மாணவருக்குப் பேரம் பேசும் பலம் கிடையாது. தமிழக அரசுக்கு இருக்கிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், 2020 வாக்கில் அது நிற்கும் வரை, எல்காட் மூலம் வாங்கி மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை 50 லட்சத்துக்கும் மேல். பிறகு 2025-26 பட்ஜெட்டில், இரண்டு வருடத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிப்பு வந்தது. உலகத்தில் எந்தக் கம்பெனியும் மதிக்க வேண்டிய ஆர்டர் இது.

இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் நிபந்தனை போட்டால் கம்பெனி கேட்காதா? ஒவ்வொரு டெண்டரிலும் மூன்று வரி இருக்க வேண்டும். ஒன்று, நடுவில் பிடித்தும் மூலையில் பிடித்தும் இத்தனை தடவை திறந்து மூடி, வெளி ஆய்வகத்தில் சோதித்த சான்று. இரண்டு, கீலின் திருகுகள் வெறும் பிளாஸ்டிக்கில் நிற்காமல் உலோகத்தில் இறங்க வேண்டும். மூன்று, கீலுக்கும் அது மாட்டியிருக்கும் இடத்துக்கும் மூன்று வருட வாரண்டி, "பிசிக்கல் டேமேஜ்" என்ற சாக்கு செல்லாது.

இதனால் ஒரு லேப்டாப்பின் விலை நூறு ரூபாய் ஏறட்டுமே. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பிள்ளையின் வீட்டில் அந்த லேப்டாப்புக்கு மாற்று கிடையாது. திரை தொங்கினால் ஆன்லைன் விண்ணப்பம், புராஜக்ட், வேலைக்கான தேர்வுப் பயிற்சி எல்லாம் அதோடு தொங்கும். விலையில்லாப் பொருள் என்பதற்காக விலை கெட்ட பொருளாக இருக்கலாமா?

மூக்கண்டப்பள்ளியால் முடியாதா?

லேப்டாப் கீல் என்றாலே தைவான்தான். ஷின் ஸூ ஷிங், ஜார்லிடெக் போன்ற தைவான் கம்பெனிகள் இந்தத் தொழிலில் கொடி கட்டிப் பறக்கின்றன. அதெல்லாம் நம்மூரில் ஆகாது என்று சொல்கிறவர்கள் ஒரு நடை ஓசூர் மூக்கண்டப்பள்ளி சிப்காட் பக்கம் வந்து பார்க்க வேண்டும்.

டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டனின் கைக்கடிகாரத் தொழிற்சாலை இந்த சிப்காட்டில்தான் இருக்கிறது. 2002-ல் வந்த டைட்டன் எட்ஜ் கடிகாரத்தின் மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர். உள்ளே ஓடும் இயந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர். அதைச் செய்த ஊர் இது. டிவிஎஸ், அசோக் லேலண்ட் இரண்டையும் நம்பி வளர்ந்த லேத்துப் பட்டறைகள், பிரஸ் ஷாப்கள், டூல் ரூம்கள், ஹீட் ட்ரீட்மெண்ட் யூனிட்டுகள் சந்துக்குச் சந்து இருக்கின்றன. தண்டு கடைய, தகடு வெட்ட, வாஷரைப் பதப்படுத்த ஆள் இல்லாத ஊரா இது? ஐபோனின் உடற்பகுதிகளையே ஓசூருக்குப் பக்கத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறது.

இருந்தும், இதே மூக்கண்டப்பள்ளியில் ஒரு லேப்டாப்பின் கீல் இடம் பெயர்ந்தால் என்ன செய்கிறார்கள்? அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் எஸ்.பி. ரோடு வரை போய், உடைத்துப் போட்ட பழைய லேப்டாப்பில் அதே மாடலைத் தேடுகிறார்கள். கிடைக்காவிட்டால் அரால்டைட் பசை. அதுவும் நிற்காவிட்டால் உடம்பில் ஓட்டை போட்டு போல்ட்டு நட்டு. 1.15 மில்லிமீட்டரில் கடிகாரம் ஓட வைத்த ஊரில் லேப்டாப்புக்கு அரால்டைட் வைத்தியம்!

திறமைக் குறைவு இதற்குக் காரணமே இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம், ஒவ்வொரு திருகு இடைவெளி. வரைபடம் வெளியே வராது. இருபது பேர் வேலை செய்யும் பட்டறை எந்த மாடலுக்கு என்று டை போடும்? இருநூறு பீஸ் விற்று டை செலவை எப்படி எடுக்கும்?

பேரிங்கைப் பாருங்கள். 6203 என்று எண்ணைச் சொன்னால் கன்னியாகுமரியிலும் கிடைக்கும், காஷ்மீரிலும் கிடைக்கும். எந்தக் கம்பெனி செய்தாலும் அளவு ஒன்றே. டிவியைச் சுவரில் மாட்டும் துளைகளுக்கு வெசா அளவு இருக்கிறது. 100-க்கு 100 மில்லிமீட்டர் என்றால் யார் செய்த ஸ்டாண்டும் பொருந்தும். லேப்டாப் கீலுக்கும் நாலைந்து பொது அளவுகள் வைக்க முடியாது என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை. வைத்தால் பழைய லேப்டாப் பிழைத்துவிடும், புதிது விற்காது. அந்தப் பயம்தான்.

சட்டம் எங்கே இருக்கிறது?

பிரான்ஸ் 2021 ஜனவரியிலிருந்து லேப்டாப் உட்படச் சில பொருட்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது. பிரிப்பது எளிதா, உதிரிப் பாகம் கிடைக்கிறதா, அதன் விலை என்ன என்றெல்லாம் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று விலைச் சீட்டின் பக்கத்திலேயே போட வேண்டும். இந்தியாவில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் குழு அமைத்தது, அதே டிசம்பரில் இணையதளம் திறந்தது. மொபைல், மின்னணுப் பொருட்களுக்கு இதேபோன்ற மதிப்பெண் பற்றி ஆராய்ந்த இன்னொரு குழு 2025-ல் அறிக்கை கொடுத்தது. குழுவும் அறிக்கையும் நல்லதுதான். ஆனால் அறிக்கையைத் திருகி லேப்டாப்பில் மாட்ட முடியாது. கட்டாயம் என்ற சொல் வரும் வரை எந்தக் கம்பெனியும் தானாக அசையாது.

அதுவரைக்கும் வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். கடையில் ராம் எவ்வளவு என்று கேட்ட கையோடு, திரையை ஒரு மூலையில் பிடித்துத் திறந்து பாருங்கள். உடம்பு நெளிகிறதா, கீல் ஓரம் தூக்குகிறதா என்று கவனியுங்கள். கீலுக்கு எத்தனை வருடம் வாரண்டி, தனியாகக் கிடைக்குமா, விலை என்ன என்று கேளுங்கள். கடைக்காரர் முழிப்பார். முழிக்கட்டும். தினம் பத்துப் பேர் கேட்டால் அவர் டீலரைக் கேட்பார், டீலர் கம்பெனியைக் கேட்பார்.

அடுத்த தடவை சர்வீஸ் சென்டரில் "பிசிக்கல் டேமேஜ்" என்றால் தலையைக் குனிந்துகொண்டு வராதீர்கள். திறந்து மூடத்தானே இதைச் செய்தீர்கள், எத்தனை தடவை தாங்கும் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள்.