அலகைப் பாருங்கள், பிறகு விரட்டுங்கள்

காரைக்கால் பகுதியில் சம்பா, தாளடி உழவு நடக்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் டிராக்டரின் பின்னாலேயே ஒரு சிறு குருவி ஓடித் திரியும். வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டும். இதுதான் மஞ்சள் வாலாட்டி. மத்திய ஆசியா, சைபீரியா போன்ற குளிர்ப் பகுதிகளில் குஞ்சு பொரித்து, செப்டம்பர் வாக்கில் இங்கு வந்து, ஏப்ரலில் திரும்பும் விருந்தாளி இது.

கதிர் பால் பிடித்ததும் வயலோரம் தென்படும் குருவிகள் எல்லாமே நெல் தின்னிகள் என்று எண்ணிச் சிலர் வலை கட்டுகிறார்கள். தூக்கணாங்குருவியும் சில்லையும் நெல்லைக் கொத்துவது உண்மைதான். ஆனால் வாலாட்டி நெல்லைத் தொடுவதில்லை. ஈ, தத்துப்பூச்சி, சிறு வண்டு, புழு ஆகியவையே அதன் உணவு. வலைக்கு இந்த வேறுபாடு தெரியாது; விவசாயிக்குத் தெரிய வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கூடு கட்டும் காலத்தில் ஆண் தூக்கணாங்குருவிக்கும் தலையும் மார்பும் மஞ்சளாகும். வாலாட்டிக்கோ வந்த புதிதில் மஞ்சள் வெளிறியிருக்கும். பங்குனியில்தான் பளிச்சென்று தெரியும். எனவே அலகைப் பார்க்க வேண்டும். குட்டையாகத் தடித்திருந்தால் தானியம் தின்னும் குருவி. ஊசிபோல் மெலிந்திருந்தால் பூச்சி பிடிக்கும் குருவி. நடையும் ஓர் அடையாளம். வாலாட்டி தத்தாது, கால் மாற்றி நடக்கும், ஓடும். புதிதாக நட்ட வயலிலும், வரப்பிலும், அறுவடைக்குப் பின் மேயும் மாடுகளின் காலடியிலும் தேடினால் காணலாம். மாலையில் கூட்டமாக நாணலில் அடையும்.

வாலாட்டியே பூச்சியை ஒழித்துவிடும் என்று சொல்வதற்கில்லை. அடர்ந்த பயிருக்குள் அது நுழையாது. தண்டுக்குள் இருக்கும் குருத்துப்பூச்சிப் புழுவும் அதற்கு எட்டாது. ஆனாலும் கூலி கேட்காமல் உழைக்கும் துணை அது. பூச்சியின் அளவைப் பாராமல் நாள் கணக்கில் மருந்தடித்தால் அதன் இரையும் அழியும், வயலிலுள்ள சிலந்தியும் அழியும், பணமும் வீணாகும். இலைச்சுருட்டுப் புழுவுக்கு வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைகளிலும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைகளில் 5 சதவீதத்திலும் சேதம் கண்ட பிறகு மருந்தடித்தால் போதும்.

நெல் தின்னும் குருவிகளைத் தகரம் தட்டியும் மினுமினுப்பு நாடா கட்டியும் விரட்டலாம். கதிர் முற்றும் வரைதான் அந்தக் காவல் தேவை. வலை வைத்துப் பறவை பிடிப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்கலாகாது. சட்டம் இல்லாவிட்டாலும், தன் வயலின் பூச்சியைத் தின்ன வந்த குருவியைப் பிடிப்பது விவசாயிக்கே நஷ்டம்.