பிராசஸரை மட்டும் மாற்றினால் போதுமா? கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்!

"என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாதாம். மொத்த செட்டையும் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். 38,000 ரூபாய் ஆகுமாம். அந்தப் பணம் மகளின் செமஸ்டர் ஃபீஸுக்கு வைத்திருப்பது. பிராசஸரை மட்டும் மாற்ற முடியாதா?"

ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி கணக்குப் பார்த்துக் கொடுக்கும் வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். கேள்வியோடு, கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பியிருந்தார். பாதி வேலையை அந்தப் போட்டோவே முடித்துவிட்டது. மதர்போர்டு மேல் 'பி450' என்று அச்சிட்டிருப்பது தெளிவாகத் தெரிந்தது. பிராசஸர், ஏ.எம்.டி நிறுவனத்தின் ரைஸன் 3 2200ஜி.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டர் தொடர்ந்து ஓடத்தான் செய்யும். ஆனால் பத்துப் பதினைந்து கடைக்காரர்களின் லாகின் விவரங்களை வைத்திருக்கும் ஒருவர், பாதுகாப்பு அப்டேட் வராத சிஸ்டத்தில் வேலை பார்ப்பது சரியல்ல. அதனால் அவருடைய கவலை நியாயமானது. 2200ஜி விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை என்பதும் உண்மை. அந்த வகையில் கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. மொத்த செட்டையும் மாற்ற வேண்டும் என்பதுதான் இடிக்கிறது.

பி450 போர்டில் இருப்பது ஏ.எம்4 சாக்கெட். ஏ.எம்.டி பல வருடங்கள் மாற்றாமல் வைத்திருந்த சாக்கெட் இது. ரைஸன் 5000 வரிசை வரைக்கும் இதில் உட்காரும். உதாரணத்துக்கு ரைஸன் 5 5600ஜி-யை எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் 4 கோர், 4 த்ரெட் என்றால், இதில் 6 கோர், 12 த்ரெட். இரண்டுமே 65 வாட்ஸ் என்பதால் எஸ்.எம்.பி.எஸ் மாற்ற வேண்டியதில்லை. அதே டி.டி.ஆர்4 ரேம் போதும். விண்டோஸ் 11-ம் ஏறும்.

இங்கே ஓர் எழுத்தை மட்டும் கவனியுங்கள். 5600 வேறு, 5600ஜி வேறு. 'ஜி' இல்லாத 5600-ல் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் அதைப் போட்டால் ஃபேன் சுற்றும், மானிட்டரில் ஒன்றும் வராது. இன்டெலில் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் இதே கதைதான். விலை கொஞ்சம் குறைகிறதே என்று அதை வாங்கி வந்து முழிப்பவர்கள் நிறைய.

இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு அவ்வளவு நல்ல செய்தி இல்லை. 6, 7-ம் தலைமுறை போர்டுகளிலும், 8, 9-ம் தலைமுறை போர்டுகளிலும் சாக்கெட் பெயர் 1151 என்றுதான் இருக்கும். ஆனால் பழைய போர்டில் புதியது வேலை செய்யாது. விண்டோஸ் 11 கேட்பதோ பொதுவாக 8-ம் தலைமுறைக்கு மேல். ஆக, 7-ம் தலைமுறையோடு நிற்பவர்கள் போர்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். 12-ம் தலைமுறை வைத்திருப்பவர்கள் 13, 14 வரை அதே 1700 சாக்கெட்டில் போகலாம், பயாஸ் அப்டேட்டோடு.

சிஸ்டம் ஸ்லோ என்பது மட்டும்தான் பிரச்னையா? அப்படியென்றால் பிராசஸரைத் தொடவே வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவிகிதத்தில் நிற்க, சி.பி.யூ 20-ல் தூங்கிக்கொண்டிருந்தால், குற்றவாளி பழைய ஹார்டு டிஸ்க்தான். ஒரு எஸ்.எஸ்.டி போட்டாலே போதும்.

முதலில் பயாஸ், அப்புறம்தான் பிராசஸர்

மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால், ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடுங்கள். 'பேஸ்போர்டு ப்ராடக்ட்' என்ற வரியில் போர்டின் முழுப்பெயர் இருக்கும். பயாஸ் வெர்ஷனும் அங்கேயே இருக்கும். போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், அதே மாடலின் பக்கத்தில் 'சி.பி.யூ சப்போர்ட்' பட்டியலைப் பாருங்கள். நீங்கள் வாங்கப்போகும் பிராசஸருக்கு நேரே, எந்த பயாஸ் வெர்ஷன் முதல் வேலை செய்யும் என்று போட்டிருப்பார்கள். உங்களுடையது அதைவிடப் பழையதென்றால், பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். புதியதை மாட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றால், திரையே வராது.

பயாஸ் அப்டேட் நடக்கும் சில நிமிடங்களில் கரன்ட் போனால் போர்டு செத்துவிடலாம். நம் ஊரில் இதைச் சும்மா சொல்லவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் ஏரியாவுக்கு என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். யு.பி.எஸ் இருந்தால், பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி உண்மையிலேயே பத்து நிமிடம் தாங்குகிறதா என்று முந்தைய நாளே சோதியுங்கள். மழை, காற்று என்றால் தள்ளிப்போடுங்கள். தளத்தில் அந்த பயாஸுக்குக் கீழே இருக்கும் குறிப்பையும் படியுங்கள். இடையில் வேறொரு வெர்ஷனை முதலில் ஏற்றச் சொல்வார்கள் சில போர்டுகளுக்கு. சிலவற்றில் புதிய பயாஸ் ஏறிய பிறகு மிகப் பழைய பிராசஸர்கள் வேலை செய்யாது, திரும்பிப் போகவும் முடியாது.

அடுத்து, கழற்றுவது. ஏ.எம்4 பிராசஸரின் அடியில் 1,331 மெல்லிய பின்கள் இருக்கின்றன. ஏழு வருடம் ஆன தெர்மல் பேஸ்ட் காய்ந்து பசைபோல ஆகியிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். லாக் போட்டிருந்தாலும் வரும், பின்களும் வளையும். அதனால் முதலில் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்பித் திருப்பி எடுங்கள். புதியதை வைக்கும்போது மூலையில் இருக்கும் தங்க நிற முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருந்த வேண்டும். அழுத்தக் கூடாது, தன் எடையிலேயே உள்ளே இறங்கும். தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். கூலரின் திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

முதல்முறை ஆன் செய்யும்போது ஓரிரு நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். பதறி ஆஃப் செய்ய வேண்டாம். 'எஃப்.டி.பி.எம்' பற்றி ஓர் எச்சரிக்கை வந்தால், பழைய பிராசஸரில் இருந்த பாதுகாப்புச் சாவிகள் அழியப்போகின்றன என்று அர்த்தம். பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் அதன் ரெக்கவரி கீயை முன்கூட்டியே பேப்பரில் எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் டேட்டா கண்ணுக்கு முன்னாலேயே பூட்டிக்கொள்ளும்.

கடையில் கொடுத்துச் செய்வதென்றால்...

இதையெல்லாம் நானே செய்ய வேண்டுமா என்று மலைக்க வேண்டாம். கடையில் கொடுப்பதே பலருக்கு நல்லது. ரிச்சி தெருவோ, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையோ, கேள்வியைச் சரியாகக் கேட்டால் பதிலும் சரியாக வரும். "எந்த பிராசஸர் நல்லது?" என்று கேட்டால் ஸ்டாக்கில் இருப்பதைத்தான் காட்டுவார்கள். போர்டின் பெயர், பயாஸ் வெர்ஷன், இப்போதுள்ள பிராசஸர், எஸ்.எம்.பி.எஸ் எத்தனை வாட்ஸ் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். "இந்த போர்டில் 5600ஜி போட பயாஸ் அப்டேட்டும் நீங்களே செய்து தருவீர்களா, போர்டு போனால் யார் பொறுப்பு?" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். மழுப்பினால் அடுத்த கடை.

ஈரோடு வாசகிக்கு நான் முக்கியமாகச் சொன்னது வேறு. பேக்கப் எடுத்த பிறகு ஹார்டு டிஸ்க்கையும் எஸ்.எஸ்.டி-யையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். பிராசஸர் மாற்ற அவை தேவையே இல்லை. பயாஸ் திரையில் புதிய பிராசஸரின் பெயர் தெரிந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். வாடிக்கையாளர்களின் கணக்கோ, குடும்பப் போட்டோக்களோ இரண்டு நாள் யாரோ ஒருவரின் மேஜையில் கிடக்க வேண்டியதில்லை.

பிராசஸர் பெட்டியோடு வருகிறதா, பெட்டி இல்லாத 'டிரே' பீஸா என்று கேளுங்கள். டிரே என்றால் வாரன்டி தருவது கடையா, கம்பெனியா என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். செகண்ட் ஹேண்டு என்றால், பின்களை மொபைல் கேமராவில் ஜூம் செய்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கிளம்பும்போது பழைய 2200ஜி-யைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் இருந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. பலர் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.