நஞ்சையில் நஞ்சு!

பாதரசத்தை இறுக்கி மணியாக்கி மார்பிலே அணிகிறார்கள். இலிங்கமாக்கிப் பாலூற்றி வணங்குகிறார்கள். வினை தீருமாம், வளம் சேருமாம்! புனிதம் பேசும் இவர்கள், அதன் குணம் அறிவார்களா?

நீர்போல் ஓடும் உலோகம் அது, நீரைவிட 13.6 மடங்கு கனமுடையது. கண்ணுக்குப் புலப்படாத ஆவியாகி மூச்சோடு நுழையும், மூளையையும் நரம்பையும் தாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதன் கரிமக் கூட்டுப்பொருள்கள் பூஞ்சணத்தைக் கொல்லும் எனக் கண்ட அறிவியல், அவற்றை விதைக்கு மருந்தாக்கிற்று. விதைக்க வேண்டிய அந்தத் தானியத்தை மனிதன் உண்டால்?

ஈராக் நாடு விடை சொல்லிற்று. 1971ஆம் ஆண்டு, பாதரச மருந்திட்ட விதைக் கோதுமை மெக்சிகோவிலிருந்து அங்கே இறங்கிற்று. ‘உண்ணாதீர்’ என்ற எச்சரிக்கை மூட்டைமேல் இருந்தது, எந்த மொழியில்? ஸ்பானிய மொழியில், ஆங்கிலத்தில்! அரபு பேசும் உழவன் என் செய்வான்? சாயத்தைக் கழுவினான், சாயம் போயிற்று, நஞ்சு போகவில்லை. ரொட்டி சுட்டுத் தின்றவர்க்குக் கை கால் மரத்தது, நடை தள்ளாடிற்று, பார்வை மங்கிற்று. மருத்துவமனை புகுந்தோர் 6,000க்கு மேல். மாண்டோர் 459 பேர் என்பது அரசுக் கணக்கு. தலையெழுத்தா அவர்களைக் கொன்றது? இல்லை, மூட்டையின் மேலெழுத்து!

நம் நாட்டிலும் பாதரச விதைமருந்துகள் விற்பனையில் இருந்தன. மெத்தாக்ஸி எத்தில் மெர்க்குரி குளோரைடு என்னும் மருந்துக்குத் தடை வந்தது 2018இல்! ஈராக்கின் பிணக்காட்டைக் கண்ட பின்னும் 47 ஆண்டுகள் தேவைப்பட்டன.

பாதரசம் போனால் பயம் போயிற்றா? வேறு நஞ்சுகள் இன்றும் தஞ்சைத் தரணியின் வயல்களில் தெளிக்கப்படுகின்றன. நன்செய் என்று நல்ல பெயர் பெற்ற நிலம், நஞ்சு ஏந்தும் நஞ்சையாகலாமா? பூச்சிமருந்துச் சிமிழோடு வரும் தாளில் வட்டார மொழியும் வேண்டும் என்கின்றன 1971ஆம் ஆண்டு விதிகள். அந்தத் தமிழ் எறும்புக் காலளவு எழுத்தில் இருந்தால், கடைமடையில் மருந்தடிக்கும் கூலித் தோழர் அதை எப்படிப் படிப்பார்? ஊர்ப்பெயரும் விலையும் கொட்டை எழுத்தில். உயிர் காக்கும் சொல் மட்டும் ஒளிந்து கிடப்பதா?

கேட்போம் தோழர்களே! எச்சரிக்கை தமிழில் வேண்டும். தொலைவிலும் தெரியும் பேரெழுத்தில் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு விற்பவன் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். பாதரச இலிங்கத்துக்கு ஊற்றும் பாலைக் குழந்தைக்குக் கொடுங்கள். நஞ்சின் பெயரை உழவனுக்குத் தமிழில் சொல்லுங்கள்.