உளவளத்துணைப் பட்டமும் கிறிஸ்தவ நோக்கும்

துயருற்றோரின் சொற்களைப் பொறுமையோடு செவிமடுத்து, அவர் தம் வழியைத் தாமே காணத் துணைநிற்பதே உளவளத்துணை. இதனைக் கிறிஸ்தவ நோக்கிற் கற்பிக்கும் பட்டப்படிப்புகளை நம் இளைஞருட் சிலர் நாடுகின்றனர். "அறிவியலுக்குச் சமயம் எதற்கு?" என ஒரு சாரார் நகைக்கின்றனர். "மதமாற்றத்துக்குப் புதிய வலை" என மறு சாரார் ஐயுறுகின்றனர்.

நகைப்போர் வரலாற்றை மறந்தனர். அமெரிக்கப் போதகர் அன்ரன் பொய்சன் தாமே மனநோயுற்று மருத்துவமனையிலிருந்து மீண்டவர். 1925இல் அவர் இறையியல் மாணவரை வூஸ்ரர் மனநோய் மருத்துவமனையிற் பயிற்றத் தொடங்கினார். ஏட்டை மட்டுமன்றி, துன்புறும் மனிதரையும் கற்கவேண்டும் என்பதே அவர் கொள்கை. இத்துறையின் முன்னோடியான கார்ல் றொஜர்ஸ், கமத்தொழிற் கல்வியில் தொடங்கி, 1924இல் நியூயோர்க்கில் இறையியல் பயிலப் புகுந்தவர். ஆயின், குறித்ததொரு கோட்பாட்டை நம்பியே தீரவேண்டிய தொழிலில் தம்மால் இருக்கவியலாது எனக் கண்டு உளவியலுக்கு மாறினார்.

ஐயுறுவோரின் அச்சத்திலும் நியாயம் உண்டு. 2004இன் ஆழிப்பேரலையும் 2009இல் முடிந்த போரும் விட்டுச்சென்ற துயர் நம் வீடுகளில் இன்னும் ஆறவில்லை. காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய் சைவக் குடும்பத்தவளாயும் இருக்கலாம். அவள் கேளாதிருக்கச் செபிக்கச் சொல்வது துணையன்று. துயரை முதலாக்கிச் செய்யும் வாணிபம். மகன் இறந்தான் என்றோ, மீள்வான் என்றோ தீர்ப்புரைப்பதும் துணையாளர் பணியன்று. அவள் பாரத்தை அவளோடு சுமப்பதே பணி.

ஆகவே, பட்டம் நாடுவோர் கட்டணம் செலுத்துமுன் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். அனுபவமுள்ளோர் மேற்பார்வையில் நேரடிப் பயிற்சி உண்டா? இரகசியம் பேணும் ஒழுக்கம் கற்பிக்கப்படுகிறதா? கடும் மனநோயை இனங்கண்டு மருத்துவரிடம் அனுப்பப் பழக்குகின்றனரா? பிற சமயத்தாரை அவர்தம் நம்பிக்கையோடே ஏற்கப் பயிற்றுகின்றனரா? இவை இல்லாவிடின், சுவரில் தொங்கும் பட்டம் வெறுங் கடதாசியே.

இன்னொன்றும் உண்டு. படிப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். நம் மக்களின் துயரோ தமிழிற் பேசுகிறது. "ஒரே யோசனை", "நெஞ்சு எரியுது" என்று வரும் கமக்காரனின் சொற்களுக்குள் இருக்கும் துயரை, ஆங்கிலப் பாடநூல் மட்டும் கற்றவர் எவ்வாறு அறிவார்?

பிறர் துயர்கேட்கும் ஆசனத்துக்கு ஒருவரைத் தம் விசுவாசம் அழைத்து வருமாயின், அதனை நாம் வரவேற்கிறோம். எதிரே அமர்ந்திருப்பவர் அவ்விசுவாசத்தை ஏற்றே ஆகவேண்டும் என்பதை மட்டும் நாம் ஒருபோதும் ஏற்கோம்.