என்ன ஈயம்? கேட்டு வாங்குங்கள்!



எல்.இ.டி. விளக்கு எரிய வைப்பது, காலிங் பெல் செய்வது, பழைய ரேடியோவைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது... உங்களில் சிலருக்கு இதெல்லாம் சாப்பாட்டை விடப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் ஒருநாள் வீட்டில் அடம்பிடித்துக் கேட்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் சால்டரிங் அயர்ன்!

"சரி, வாங்கலாம். எதை வாங்குவது?" என்று அப்பா திருப்பிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதைச் சொல்வதற்கு முன், நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியராக இருந்த காலம். அறிவியல் கண்காட்சிக்கு முதல் நாள். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் ஒலிக்கும் கருவியைச் செய்துகொண்டிருந்தான். ஒரு கையில் சூடான அயர்ன். மறு கையில் ஒயர். ஈயக் கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. என்ன செய்தான் தெரியுமா? கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து பற்றவைத்தான்! "கெட்டிக்காரன்டா நீ!" என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். மறுநாள் பரிசும் அவனுக்குத்தான்.

பல நாள் கழித்து, அந்த ஈயச் சுருளில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். 60/40 என்று போட்டிருந்தது. அப்படியென்றால், நூறு பங்கில் 40 பங்கு காரீயம். அதைத்தான் அந்தப் பிள்ளை வாயில் வைத்திருந்தான். தட்டிக் கொடுத்தவன் நான்! படிக்க வேண்டிய சீட்டை முதலிலேயே படிக்காமல் விட்ட வாத்தியார்!

குழந்தைகளே, 'ஈயம்' என்கிற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசும் ஈயமும் இந்த வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும். மற்றொன்று காரீயம். இது நஞ்சு. வேதியியல் பாடத்தில் வெள்ளீயத்தின் குறியீடு 'எஸ்என்'. காரீயத்தின் குறியீடு 'பிபி'. மனப்பாடம் செய்தது பரீட்சைக்கு மட்டும் அல்ல, கடையில் சீட்டைப் படிக்கவும் உதவும்!

காரீயம் உடம்புக்குள் போனால் சுலபத்தில் வெளியேறாது. எலும்பில் போய்த் தங்கிவிடும். வளரும் பிள்ளைகளின் மூளையைத்தான் அது அதிகம் தாக்கும். 'இந்த அளவு வரை ஆபத்தில்லை' என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதனால்தான் 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலிலிருந்து காரீயத்தை நீக்கினார்கள். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய நாடுகள் 2006 ஜூலை முதல் பெரும்பாலான எலெக்ட்ரானிக் பொருட்களில் காரீயத்துக்குத் தடை போட்டன. ஆனாலும் காரீயம் கலந்த ஈயக் கம்பி நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது.

இவ்வளவு கெட்டதை ஏன் கலந்தார்கள்? அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் 327 டிகிரியில் உருகும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்த்தால் அந்தக் கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும்! இருவரும் தனித்தனியே பிடிவாதக்காரர்கள், சேர்ந்தால் இளகிவிடுகிறார்கள். வேலை சுலபம், பற்றும் பளபளப்பாக இருக்கும். அதனால்தான் மெக்கானிக்குகளுக்கு இதன்மேல் இவ்வளவு ஆசை.

ஆனால் நீங்கள் மெக்கானிக் அல்லவே! கற்றுக்கொள்ளும் பிள்ளைகள். வீட்டில் தவழும் தம்பி, தங்கையும் இருக்கலாம். ஆகவே, கடையில் "லெட் ஃப்ரீ ஈயம் கொடுங்கள்" என்று கேளுங்கள். அதில் பெரும்பகுதி வெள்ளீயம்தான். கொஞ்சம் செம்பு கலந்திருக்கும், சிலவற்றில் வெள்ளியும் இருக்கும். உருக 217 முதல் 227 டிகிரி வரை வேண்டும், பற்று சற்று மங்கலாகத் தெரியும். அதனால் குறையில்லை. இரண்டு நாள் பழகினால் கை வந்துவிடும்.

கம்பியின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ரீஃபிலுக்குள் மை இருப்பது போல, ஈயக் கம்பிக்குள் ரோசின் என்ற மரப்பிசின் இருக்கும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் நவச்சாரம் தூவித் தேய்ப்பாரே, பார்த்திருக்கிறீர்களா? இல்லாவிட்டால் பாட்டியைக் கேளுங்கள். உலோகத்தின் மேல் படிந்த களிம்பை எடுத்து, ஈயத்தை ஒட்ட வைப்பது நவச்சாரம். அந்த வேலையைத்தான் இங்கே ரோசின் செய்கிறது. தகரம், குழாய் பற்றவைக்கும் அமில பேஸ்ட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது நாளடைவில் போர்டில் உள்ள செம்பை அரித்துவிடும்.

அடுத்து அயர்ன். 'பெரிதாக இருந்தால் நல்லது' என்று நினைத்து 100 வாட் வாங்காதீர்கள். போர்டில் உள்ள மெல்லிய செம்புத் தகடு சூட்டில் பெயர்ந்து வந்துவிடும். மிகச் சிறியது வாங்கினால் சூடு போதாமல், ஈயம் ஒட்டியது போல் காட்டி ஏமாற்றும். அதைத்தான் மெக்கானிக்குகள் 'ட்ரை சால்டர்' என்பார்கள். சாதாரண வேலைக்கு 25 வாட் போதும். லெட் ஃப்ரீ ஈயத்துக்கு 35, 40 வாட் பக்கம் போகலாம். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது. 350 டிகிரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று முள் பிளக் உள்ளதாகப் பாருங்கள். ஊசி போன்ற முனையை விட, சிறிய உளி போன்ற முனை சூட்டை நன்றாகக் கடத்தும். அந்த முனையை அரம் வைத்துத் தேய்க்கக் கூடாது. மேலே உள்ள இரும்புப் பூச்சு போய்விட்டால் முனை வீண். ஈரமான ஸ்பாஞ்சில் துடைத்தால் போதும். அயர்னை வைக்க ஸ்டாண்டும் சேர்த்தே வாங்குங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால், பணம் சேரும்வரை அயர்னும் வேண்டாம்!

இனி, என் மாணவனுக்கு நான் சொல்லாமல் விட்டவை. ஈயக் கம்பியை, எந்த ஈயமானாலும், வாயில் வைக்காதீர்கள். போர்டை ஒரு கிளிப்பில் மாட்டினால் இரண்டு கையும் உங்களுக்குக் கிடைக்கும். சாப்பிடும் மேஜையில் பற்றவைக்காதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எழும் புகை காரீயத்தின் புகை அல்ல, ரோசினின் புகை. ஆனாலும் அது மூச்சுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். அயர்ன் கை தவறி விழுந்தால் விழட்டும், பிடிக்கப் போகாதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிளக்கைச் செருகவே கூடாது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 'இது ஆபத்து, தொடாதே' என்று பிள்ளைகளை விரட்டாதீர்கள். 'செய், நானும் கூட உட்காருகிறேன்' என்று சொல்லுங்கள். பள்ளிக்கு ஈயம் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் சீட்டையும் பாருங்கள். சில ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இது அல்ல.

என் மாணவன் இன்று எங்கோ பெரியவனாகி, அவன் பிள்ளைக்கே பற்றவைக்கக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளை இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "அப்பா, கம்பியை வாயில் வைக்காதீங்க!" என்று சொன்னால் போதும். நான் அன்று தட்டிக் கொடுத்த தவறுக்கு அதுதான் பரிகாரம்.

சொல்வீர்கள்தானே, செல்லங்களே?