வேலி போனால் முடக்கொத்தானும் போகும்

வேலியில் படர்ந்தால் களை எண்டு பிடுங்கி எறிகிறோம். அதே இலை பொடியாகிப் பக்கெற்றில் வந்தால் மூலிகை எண்டு காசு குடுத்து வாங்குகிறோம். முடக்கொத்தானின் இண்டைய நிலைமை இதுதான்.

மாரி மழை விழுந்தால் போதும், தானாக முளைத்துக் கிளுவையில் ஏறிவிடும் கொடி இது. சின்ன பலூன் மாதிரி ஊதின காய். முற்றினதை உடைத்தால் கறுப்பு விதையில் வெள்ளையாய் ஓர் இதய வடிவம் தெரியும்.

எங்கட சமையலில் இதுக்கு முதலிடம் இலைக்கஞ்சியில்தான். முசுட்டை, முல்லை, தவசிமுருங்கை எண்டு கிடைக்கிற இலைகளோடு இதையும் இடித்துச் சாறு பிழிந்து, அரிசி அவிந்த பிறகு தேங்காய்ப்பாலோடு விடுவார்கள். உள்ளியும் மிளகும் சேரும். குடிக்கும்போது கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. கைக்கும்தான், ஆனால் குடிக்கேலாத கைப்பில்லை. ரசத்திலும் போடலாம். தமிழ்நாட்டில் தோசை மாவோடு அரைக்கிறார்கள்.

மூட்டுப்பிடிப்புக்குச் சித்த மருத்துவம் இதைக் காலங்காலமாகப் பயன்படுத்துகிறது. அதுக்காக 'ஒரு கிழமையில் மூட்டுவலி மாயம்' எண்டு வட்ஸ்அப்பில் சுத்துற செய்திகளை நாங்கள் நம்பப் போவதில்லை. மூட்டு வீங்கினால் வைத்தியரிட்டப் போகத்தான் வேணும். முடக்கொத்தானை அற்புத மருந்தாக்கத் தேவையில்லை. காசில்லாமல் கிடைக்கும் பச்சை இலை, அதுவே பெரிய விசயம். 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நிண்ட எங்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

எங்கட கவலை வேலியைப் பற்றியது. கிளுவையையும் பூவரசையும் தறித்துவிட்டு மதில் கட்டுகிறோம். பூசின மதிலில் இந்தக் கொடிக்குப் பற்றிப்பிடிக்க இடமில்லை. மதிலடியில் முளைக்கிறதுக்குக் களைநாசினி அடிக்கிறோம். இலையை அடையாளம் காட்டிற அம்மம்மாவும் போய்விட்டால், அடுத்த தலைமுறைக்கு முடக்கொத்தான் எண்டால் பக்கெற்றில் இருக்கிற பச்சைப்பொடி மட்டும்தான்.

மதிலே வேண்டாம் எண்டு சொல்லவில்லை. வருசாவருசம் வேலி அடைக்க ஆளும் இல்லை, கூலியும் கட்டாது எண்டது எங்களுக்கும் தெரியும். ஆனால் பின்வளவில் ஒரு பக்கமாவது நாலு கதியால் நிற்கட்டும். அந்த இடத்தில் மருந்து அடிக்காமல் விடுவோம். இந்த மாரிக்கு வீட்டில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஐந்து இலைகளின் பெயரைக் கேட்டு வைப்போம். கஞ்சி காய்ச்ச அது போதும்.