வாப்பாவின் ரெக்கோட்டுகளைப் பேப்பர்காரரிடம் கொடுத்தவன் எழுதுவது

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். நோன்பு நெருங்கும்போது, கலியாண வீடு வரும்போது, நாம் வீட்டைத் துப்பரவு செய்கிறோம். பரணில் இருப்பதெல்லாம் கீழே இறங்கி வாசலுக்குப் போகிறது. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

வாப்பா மௌத்தான பிறகு நாங்களும் அப்படித்தான் செய்தோம். பரணில் ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள். நாகூர் ஹனிபா, மொஹிதீன் பேக், பழைய படப் பாட்டுகள், நிறையச் சிங்கள ரெக்கோட்டுகள். பெட்டி வீட்டில் வேலையில் இருக்கவில்லை, பழுதாகி எப்போதோ போய்விட்டது. "இதைப் போட்டுக் கேட்க வழியும் இல்லை, பாட்டு நமக்குத் தேவையும் இல்லை" என்று ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். பேப்பர், போத்தல் வாங்க வருபவரிடம் நானே தூக்கிக் கொடுத்தேன். பேப்பருக்கு நிறை பார்த்துக் காசு தந்தார். தட்டுகளைச் சும்மா ஏற்றிக்கொண்டு போனார்.

சில வருடங்களுக்குப் பிறகு, கேகாலை டவுனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற சிங்கள உத்தியோகத்தர் ஒருவர் ஒரு நண்பர் மூலம் என்னைக் கூப்பிட்டார். அவரிடம் நூற்றுக்கணக்கில் தட்டுகள் இருக்கின்றன. பலவற்றின் உறையில் தமிழில் ஏதோ எழுதியிருக்கிறது, அவருக்கு வாசிக்கத் தெரியாது, "சேர், இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள்" என்றார். எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கிளாக்கர் ஒருவருடைய கையெழுத்து. மாவனெல்லைக் கலியாண வீட்டுக்கு யாரோ கொடுத்த அன்பளிப்பு. ஒரு உறையில் கடன் கணக்கு. எல்லாம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "பேப்பர்காரர்கள் கொண்டு வருவார்கள்" என்றார். நான் ஒவ்வொரு உறையாகப் பார்த்தேன். வாப்பாவின் கையெழுத்து எதிலும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன். நாலைந்து பேர் கூடுவோம். சிங்களவர், மலையகத் தமிழர், முஸ்லிம். ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு ரசனை. ஆனால் கடைசியில் எல்லாரும் வந்து சேர்வது ஒரே ஆளிடம்: கிளாரன்ஸ் விஜேவர்தன.

இளைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கிளாரன்ஸ் 1943 ஓகஸ்ட் 3ஆம் திகதி ஹப்புத்தளையில் பிறந்தவர். 1966இல் நம்ம சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரியில் எனஸ்லி மாலேவனவோடு சேர்ந்து 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவைத் தொடங்கினார். மாணிக்க ஊருக்குப் பொருத்தமான பெயர். இலங்கை வானொலியில் விஜய கொரெயா அவர்களை மேடையேற்றினார். எலெக்ட்ரிக் கிட்டாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்து நிலைக்கச் செய்தவர் கிளாரன்ஸ். மெட்டும் அவர், பல பாட்டுகளுக்கு வரியும் அவர். இந்துஸ்தானி இசைதான் இசை என்றிருந்தவர்கள் பலர் அந்தக் காலத்தில் இதைப் பாட்டாகவே மதிக்கவில்லை. சனங்கள் மதித்தார்கள். 'மெங்கோ களு நந்தே' தெரியாத வீடு இருக்கவில்லை. பிறகு கோல்டன் சைம்ஸ், சுப்பர் கோல்டன் சைம்ஸ் என்று குழுக்கள் மாறின. 1996 டிசம்பர் 13ஆம் திகதி, 53 வயதில் காலமானார்.

அவருடைய பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. ஊரில் பேசும் சொல், மூன்று நான்கு கிட்டார் கோட், யாரும் கூடச் சேர்ந்து பாடக்கூடிய மெட்டு. எங்களோடு வரும் தோட்டத்து அண்ணன் ஒருவர் 'கந்த சுரிந்துனி' போட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். அது கதிர்காமத் தெய்வத்தை விளித்துப் பாடும் சிங்களப் பாட்டு. அவருக்கு அது முருகன். எனக்கு அந்த வளவுக்குள்ளேயே இருக்கும் பள்ளிவாசல் ஞாபகம் வரும். ஒரு பாட்டை மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்கிறோம், யாரும் யாரையும் திருத்துவதில்லை.

இது இரவல் அன்பு என்று யாராவது நினைத்தால், மறுபக்கத்தையும் பாருங்கள். வெசாக் காலத்தில் நாடு முழுக்க ஒலிக்கும் பௌத்த பக்திப் பாடல்களில் எத்தனையைப் பாடியவர் மொஹிதீன் பேக்! சேலத்தில் பிறந்து இங்கே வந்த முஸ்லிம். 1991இல் காலமாகும் வரை அந்தக் குரலை இந்த நாடு தன் குரலாகவே வைத்திருந்தது. 2018இல் சென்னையில் காலமான நம்ம ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' தமிழும் சிங்களமும் கலந்தே கடல் கடந்து போனது. அந்தத் தலைமுறை ஒருவர் வாசலில் மற்றவர் தட்டித்தான் வந்தது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். மூன்று தரப்பினரிடம் மூன்று விடயம்.

முதலாவது, எங்கள் வீட்டுக்காரர்களிடம். இசை பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது எல்லாருக்கும் தெரியும். நான் ஃபத்வா சொல்ல வரவில்லை, அது என் வேலையும் இல்லை. கேட்க விரும்பாதவர் கேட்க வேண்டாம், அது அவருடைய பேணுதல், அதை மதிக்கிறேன். ஆனால் மௌத்தானவர் விட்டுச் சென்ற பொருள் வாரிசுகள் எல்லாருக்கும் உரியது. ஒருவர் தனியாக முடிவெடுத்து உடைக்கவோ எரிக்கவோ அள்ளிக் கொடுக்கவோ முடியாது. நான் அதைத்தான் செய்தேன். என் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாப்பா வாங்கிய ஹனிபா தட்டையாவது எனக்குத் தந்திருக்கலாமே" என்று அவர் பிறகு சொன்னபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. உங்களுக்கு வேண்டாமென்றால் வேண்டுபவரைத் தேடிக் கொடுங்கள். உறையில் யாருடைய கையெழுத்தாவது இருந்தால் ஃபோனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, சேகரிப்பவர்களிடம். வெளிநாட்டில் வைனல் மோகம் திரும்பிவிட்டது. அமெரிக்காவில் 2022இல், 1987க்குப் பிறகு முதற்தடவையாக, சீடியைவிட வைனல் தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்றன. அந்தக் காற்று இங்கேயும் வீசுகிறது. ஜெரால்ட் விக்கிரமசூரியவின் 'சூரிய' லேபிளில் வந்த மூன்ஸ்டோன்ஸ் தட்டென்றால் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. நல்ல விலை கிடைப்பது குற்றமல்ல. ஆனால் பேப்பர்காரரிடம் சில்லறைக்கு வாங்கி, அலுமாரியில் பூட்டி, போட்டுக்கூடக் கேட்காமல் விலை ஏறக் காத்திருப்பது பாட்டின் மேலுள்ள அன்பு என்று எனக்குப் படவில்லை. வருடத்தில் ஒரு தடவையாவது நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள்.

பூட்டி வைப்பதால் தட்டு பாதுகாப்பாக இருக்கும் என்பதும் நம்ம ஊருக்குச் சரிவராது. கேகாலை மழைக்கும் ஈரத்துக்கும் பூஞ்சணம் பிடிக்கும். தட்டுகளைப் படுக்கையாக அடுக்கினால் வளையும், நிமிர்த்தி வைக்க வேண்டும். காற்றுப் போகாத பொலித்தீனில் சுற்றக்கூடாது, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வைனல் தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் மெல்லிய துணியை நனைத்து, கோடுகளின் போக்கிலேயே துடைக்கலாம். பழைய 78 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கினால் ஆனவை. அதில் ஸ்பிரிட் பட்டால் அரக்குக் கரைந்து தட்டு நாசமாகும். அதற்கு ஊசியும் வேறு. வைனலுக்குரிய மெல்லிய ஊசியைப் போட்டால் சத்தமும் கெடும், ஊசியும் கெடும்.

மூன்றாவது, என்னைப் போன்ற ஆசிரியர்களிடம். நம்ம பிள்ளைகள் இரண்டாம் மொழிச் சிங்களத்தைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். வினைச்சொல் அட்டவணை மனப்பாடம், ஆனால் பஸ்ஸில் பக்கத்திலிருப்பவரிடம் பேசக் கூச்சம். அங்கே அந்தச் சிங்கள அங்கிளோடு உட்கார்ந்து ஒரு கிளாரன்ஸ் பாட்டின் வரிகளை அர்த்தம் கேட்டுக் கேட்டு எழுதியதில் நான் கற்றுக்கொண்ட சிங்களம், பயிற்சி வகுப்புகளில் கற்றதைவிட அதிகம். அவரும் சும்மா இருக்கவில்லை. உறைகளில் இருக்கும் தமிழ்ப் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டார். 'ழ'வில்தான் இன்னும் தடுமாறுகிறார், நம்ம ஆட்களில் பாதிப் பேரைப் போல.

இந்த மாவட்டத்தில் நாம் நல்ல காலம் மட்டும் பார்க்கவில்லை. 2001இல் மாவனெல்லையில் கடைகள் எரிந்ததைப் பார்த்தோம். 2019க்குப் பிறகு பழகிய கடைக்காரரே முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தோம். ஒரு ரெக்கோட் இதையெல்லாம் ஆற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2019இல் அந்த வீட்டுக்குப் போக எனக்கே தயக்கமாக இருந்தது, இரண்டு மாதம் போகவில்லை. மூன்றாவது மாதம் அவரே ஃபோன் எடுத்தார். நலம் விசாரிக்கத் தெரியாமல், "சேர், தமிழ் எழுத்துள்ள உறை ஒன்று வந்திருக்கிறது, யார் வாசிப்பது?" என்று கேட்டார். அது இல்லாவிட்டால் அவர் என்ன சொல்லி எனக்குப் ஃபோன் எடுத்திருப்பார் என்று நான் யோசித்ததுண்டு. மனிதர்கள் திரும்பப் பேசத் தொடங்க ஏதோ ஒரு சாட்டு வேண்டியிருக்கிறது. நம்மிடையே அப்படிப்பட்ட சாட்டுகள் குறைந்துகொண்டு போகின்றன. இருப்பதையாவது பேப்பரோடு நிறுத்துப் போட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

டிசம்பர் 13 கிளாரன்ஸின் நினைவு தினம். கேட்க விருப்பமுள்ளவர்கள் அன்றைக்கு அவருடைய ஒரு பாட்டைக் கேளுங்கள். அர்த்தம் விளங்காவிட்டால் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்திடம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. மரப்பெட்டியில் இருந்த தட்டுகளில் வாப்பா உறையின் வலது மேல் மூலையில் பச்சை மையில் திகதி போட்டு எழுதுவார். மாவனெல்லை, ரம்புக்கனை, ருவன்வெல்லைப் பக்கம் யாரிடமாவது அப்படி ஒன்று இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். திருப்பிக் கேட்க மாட்டேன். என் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன்.